முதல் சங்குக்குத் திறக்காத கடை

ஆறாயிரம் அடி ஆழம் பார்த்த கங்காதரன், டீக்கடை வியாபாரத்தில் ஆழம் தெரியாமல் காலை விட்டான். விடுவதற்கு ஒரு கால்தான் உருப்படியாக இருந்தது. இன்னொன்றை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் தங்கச் சுரங்கத்துக்குள் வெடித்துச் சரிந்த பாறை நசுக்கிப் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற தாமோதரன் பிணமாகத்தான் மேலே வந்தான்.

கம்பெனி கொடுத்த பணத்தில் ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்குப் போகிற பாதையிலேயே கடை போட்டான். மனைவி சரஸ்வதி போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. வீட்டிலும் ஒற்றை ஆள், கடையிலும் ஒற்றை ஆள். ஆனால் காலையில் சங்கு ஊதினால் முதல் ஷிப்டு முழுக்க இந்த வழியாகத்தானே போக வேண்டும்? பதினெட்டு வருஷம் கேஜ் என்கிற ஒரே இரும்புக் கூண்டில் தன்னோடு இறங்கிய முனுசாமியும் மற்ற மூன்று பேரும் தினமும் வந்து உட்காருவார்கள் என்று நம்பினான். அதற்காகவே ஐந்து பேர் உட்காருகிற மாதிரி பெஞ்சு செய்து போட்டான். ஐந்தாவது இடம் அவனுக்கு.

காலையில் ஒருவனும் நிற்கவில்லை. பிற்பகலில், ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் சிலர் குடித்தார்கள். அந்த நால்வர் மட்டும் அப்போதும் வரவில்லை. காலையில் சாலையின் மறு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

கங்காதரன் டீயைச் சந்தேகப்பட்டான். தூளை மாற்றினான். பேத்தமங்களாவிலிருந்து வரும் பாலுக்கு மாறினான். கிளாஸை வெந்நீரில் இரண்டு முறை கழுவினான். பாவம், டீ முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

நான்காவது மாதம் பொறுமை போய்விட்டது. கடையைத் தாண்டிப் போன முனுசாமியின் முதுகைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"இன்னாப்பா முனுசாமி, நம்ம கடையில ஒரு டீ குடிச்சிட்டுப் போயேன்."

முனுசாமி நின்றான். கடைப் பக்கம் திரும்பவில்லை. வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு நாள் சம்பளம் போயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

பக்கத்தில் கீரை விற்கும் தங்கம்மாவின் புருஷனும் சுரங்கத்தில் இறங்குகிறவன். சாயங்காலம் அவள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"எறங்கப் போறவனப் பின்னால கூப்புடலாமாண்ணா? நீயே எறங்குன ஆளு."

அவனுக்கும் தெரியும். ஒருமுறை அவனே அப்படித் திரும்பிப் போயிருக்கிறான். வியாபார ஆசையில் மறந்துவிட்டது.

தங்கம்மா அத்தோடு விடவில்லை. "காலைல உன் மூஞ்சியப் பாத்தா அவங்களுக்குத் தாமோதரன் நெனப்பு வருது. பயந்து கீறாங்க. உன் டீல ஒரு கொறையும் இல்லண்ணா."

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஆனால் யாரைக் கோபிப்பது? அவன் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த நாளில் இதே பாதையில் ஒற்றைக் கையோடு ஒருவன் வேர்க்கடலை விற்பான். அவனும் சுரங்கத்தில் அடிபட்டவன்தான். கங்காதரனும் சாலையைக் கடந்துதான் போனான். அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் சங்கு ஊதியபோது கடைப் பலகைகளை எடுக்கவில்லை. பாய்லரை மூட்டிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தான். வெளியே பூட்ஸ் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. முனுசாமி வலது காலைத் தேய்த்து நடப்பவன். அந்தச் சத்தம் வந்தது, போனது. கடைசி ஆள் போன பிறகுதான் பலகையை எடுத்தான். அன்று முதல் தினமும் அதே கதை. பிற்பகல் கூட்டம் கூடியது. வியாபாரம் பிழைத்தது. அவன்தான் காலையில் அரை மணி நேரம் செத்துப் பிழைத்தான். பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். அந்த நால்வர் வரவில்லை.

கடை போட்டு ஒரு வருஷம் ஆகும் சமயம், தை மாதக் குளிரில் ஒரு காலை, தேய்த்து நடக்கும் அந்தச் சத்தம் பலகைக்கு வெளியே நின்றது.

"கங்கா, வந்துடறேன்."

கங்காதரனுக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. அதற்குள் அந்தக் கால்கள் நகர்ந்துவிட்டன. இப்போது பதில் சொன்னால் பின்னால் கூப்பிட்டது போலாகிவிடும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பிற்பகல் முனுசாமி தனியாகத்தான் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். கங்காதரன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. கங்காதரன் பலகையை எடுக்கவில்லை. முனுசாமி நல்லபடியாக மேலே வர வேண்டுமே.