மாட்டாத கண்ணாடி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த லகரம் வரும் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தியாகராய நகரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறேன். இழுத்து மூடும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். பொத்தான் கிடையாது, கைப்பிடிதான். மாடி வரும் நேரம் பார்த்துத் திருப்பி நிறுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ தரை ஒரு படி உயரம் ஏறியோ இறங்கியோ நிற்கும். ஏறுகிறவர்கள் லிஃப்ட்காரனை ஒரு ஆளாக நினைப்பதில்லை. வீட்டுச் சண்டையிலிருந்து வயிற்றுக் கோளாறு வரைக்கும் என் காதுபடவே பேசுவார்கள். எனக்கும் அது சௌகரியம். பதில் சொல்ல வேண்டியதில்லையே.

மூன்றாம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் காகிதங்களைப் பார்த்து அப்படியே டைப் அடித்து அனுப்புகிற வேலை. உட்கார்ந்து அடிப்பவர்கள் எல்லாரும் பெண்கள். என் மகள் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து அங்கே சேர்ந்தாள். நான் யாரிடமும் சிபாரிசு கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் வராது. அவளே போய்க் கேட்டு வாங்கிய வேலை. அந்த ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கதவைத் திறந்தால் குளிர் வெளியே வந்து காலில் படும்.

இரண்டாம் மாடி ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதும் மயிலாப்பூர்க்காரர் ஒருவருக்கு அந்தச் செருப்பு வரிசை தினமும் ஒரு விஷயம். கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டில் கூட வந்துவிட்டால் அவரை விடமாட்டார்.

"ஏம்ப்பா, உங்க மெஷினுக்கெல்லாம் வைரஸ் வந்துடுத்தாமே? யாராவது செருப்போட உள்ள போயிட்டாளா?"

"சார், வைரஸ் செருப்புல வராது. ஃபிளாப்பி டிஸ்க்ல வரும்."

"பின்ன எதுக்குச் செருப்பை வெளியில விடச் சொல்றேள்?"

"தூசிக்கு சார்."

"தூசிக்கே இப்படி நடுங்கற மெஷினுக்கு ஏசி போட்டு வெச்சிருக்கேள். எதிர்ல உக்காந்திண்டிருக்கற பொண்களுக்கு என்ன போட்டிருக்கேள்? நாள் பூரா மூஞ்சில ரேஸ், அதான் கதிர், அடிச்சிண்டே இருக்கு."

"டிவி மாதிரிதான் சார் அதுவும். எக்ஸ்ரே எல்லாம் கிடையாது."

"டிவியையே எங்காத்துல தள்ளி உக்காந்து பாருங்கோன்னு சொல்றோம். நீ அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்கறவன், அப்படித்தான் சொல்லுவ."

அன்றைக்கு என் மகளும் லிஃப்டில் இருந்தாள். "சார், உங்க ஆடிட்டர் கத்துறாரே, அந்த ரேஸ்தான் சார் எங்க மாடி வரைக்கும் வருது" என்றாள். அவரே முதலில் சிரித்தார். நல்ல மனிதர். அதையும் சொல்லியாக வேண்டும்.

மகளுக்கு அடையாறில் மாப்பிள்ளை அமைந்தது. ஸ்கூட்டர் மெக்கானிக். சம்பந்தியம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டு, தனி ஆளாக நின்று மகனை வளர்த்தவர். மருமகள் வேலைக்குப் போவதில் அவருக்கு மறுப்பு இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "எம்மருமவ கம்ப்யூட்டர்ல கீறா" என்று பெருமையாகச் சொல்வார்.

கல்யாணமான அடுத்த வருஷம் அவள் உண்டானாள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பகலில் மூன்றாம் மாடி மணி விடாமல் அடித்தது. மேலே போனேன். கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்தாள். ரத்தம் என்று புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்றவன் பார்க்கக் கூடாது என்று ஏதோ தோன்றியது. ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் அவள் வெறுங்காலோடு போகிறாள் என்று தெரிந்தது. திரும்ப மேலே போய் வரிசையில் தேடி அவள் செருப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கரு தங்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சம்பந்தியம்மாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். "இந்த மாசத்துல இது நிறைய பேருக்கு நடக்கிறதுதான். கரு உருவாகிறப்பவே சரியா அமையலேன்னா உடம்பே அதை நிறுத்திடும். உங்க பொண்ணு எதுவும் செஞ்சதால இல்ல. செய்யாததாலயும் இல்ல" என்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததால் இருக்குமா என்று சம்பந்தியம்மா கேட்டார். "இல்லம்மா. உடம்பு தேறினதும் வேலைக்கு அனுப்புங்க" என்று தெளிவாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆறுதலுக்குச் சொல்றாங்கண்ணே. அவங்க இன்னா, உன் மேலதான் தப்புன்னா சொல்வாங்க?"

டாக்டர் பயமுறுத்தினால் நம்புகிறோம். பயம் வேண்டாம் என்றால், அன்பாகப் பொய் சொல்கிறார் என்கிறோம்.

அடுத்த ஒரு மாதம் மகள் வீட்டிலேயே இருந்தாள். கடைக்கு இட்லி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் வைத்துவிட்டுப் போனார்கள். திரையிலிருந்து வரும் கதிர் கர்ப்பப்பையைச் சுட்டுவிடும் என்றார் ஒருவர். ஏசித் தரையில் வெறுங்காலோடு நடந்ததில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். சுடுகிறதா குளிர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் பார்க்கப் போயிருந்த ஒரு சாயங்காலம் சம்பந்தியம்மா, "தெனம் அந்த லிஃப்ட்ல ஜிவ்வுன்னு ஏறி எறங்கறதே போதும், வவுறு குலுங்கிடும்" என்றார். உடனே என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லலண்ணே" என்றார். நான் தலையாட்டினேன். மகள் அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது.

மூன்றாம் மாடியில் அவள் எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆடிட்டர் ஆபீஸ்காரரும் விசாரித்தார். நான் இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கண்ணாடி விக்கறாப்பா, மவுண்ட் ரோட் பக்கத்துல. திரைக்கு முன்னால மாட்டிக்கணும். அதுல ஒரு வயர் வரும், அதை எர்த்ல குடுத்துட்டா ரேஸ் எல்லாம் அதுவழியா போயிடுமாம். வாங்கி மாட்டச் சொல்லு" என்றார்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது போல இருந்தது. யாரோடும் வாதாட வேண்டாம், யாரையும் மறுக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவரும் மகிழ்ந்துபோய், "எர்த் குடுத்துட்டா சரிதான் மாமா" என்று அந்த வாரமே வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னார்கள். கட்டிலின் மேல் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார் மாப்பிள்ளை. புகைபடிந்தது போல ஒரு கண்ணாடி. ஓரத்தில் மெல்லிய வயர் தொங்கியது. சம்பந்தியம்மா அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இத்த மாட்டிக்கினு வேல செய்யட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லாருக்கும் நிம்மதி. மாப்பிள்ளை, "நாளைக்கு நானே வந்து மாட்டிக் குடுக்கறேன்" என்றார். மகள் மட்டும் கண்ணாடியைத் தொடவில்லை.

"எனக்கு வாணாம்."

"ஏம்மா, ஒரு கண்ணாடிதானே?" என்றேன். உண்மையில் எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

"கண்ணாடிதான் நைனா. இத்த மாட்டிக்கினு போனா, மாட்டாம இருந்ததாலதான் போச்சுன்னு ஆயிடும்ல? நாந்தான் தொலைச்சேன்னு ஆயிடும்ல? தெனம் அதுவழியா பாத்துக்கினு எப்டி நைனா வேல செய்வேன்?"

மாப்பிள்ளை வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்டி யாருடி சொன்னாங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"எல்லாரும்தான் அத்தை. வாசல்ல வந்து இட்லி துன்னுட்டுச் சொல்லிட்டுத்தான் போறாங்க."

சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. "நான் பெத்து வளத்தவ. எனக்குப் பயமா கீது. பேரப்புள்ளைக்காகப் பயப்படறது தப்பா? அண்ணே, நீங்களே சொல்லுங்க. வாயத் தொறந்து எதுனா சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது என் மனைவியின் நினைவு வந்தது.

மகள் பத்தாவது படிக்கும்போது என் மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கல்லீரல் மொத்தமும் கெட்டுவிட்டது என்றார்கள். பிழைக்கவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே கிடையாது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பிறகு போய் இதைக் கேட்டேன். அந்த நிலையில் எந்த இலையும் ஒன்றும் செய்திருக்காது என்றார்கள். புரிந்தது. ஆனாலும் மந்தைவெளி மார்க்கெட்டில் கீரைக்காரர் கூடையில் அந்தச் செடி கிடந்தால், நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். இதை அதுவரை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. "சம்மந்திம்மா, எஞ்சம்சாரம் போனப்ப, கீழாநெல்லி குடுக்கலன்னு சொன்னாங்க. சொன்னவங்க சாப்ட்டுப் போயிட்டாங்க. நாந்தான் இன்னும் அத்தத் தூக்கிக்கினு சுத்தறேன். அவளுக்கு அது வாணாம். கண்ணாடி வாணாம்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "அடுத்த தபா எதுனா ஆச்சுன்னா? நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களாண்ணே?"

"ஏத்துக்கறேன்" என்றேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் மகள் கூட வந்தாள். "ஏன் நைனா அப்டிச் சொன்ன? யார் பொறுப்பும் இல்லன்னுதான டாக்டரம்மா சொன்னாங்க?"

"அவங்களுக்கு யாரையாச்சும் கேக்கணும்மா. என்னியக் கேக்கட்டும், உன்னிய வாணாம்" என்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது.

மறுநாள் வேலைக்கு வந்தாள். கண்ணாடி இல்லாமல்தான். இரண்டு மாதம் மாமியாரும் மருமகளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. ஆனால் கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. செய்தித்தாளில் மறுபடி சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார் சம்பந்தியம்மா. மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றதற்கு, "இருக்கட்டும்" என்றாராம்.

இப்போது மகளுக்கு ஆறாம் மாதம். டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். தினமும் வேலைக்கு வருகிறாள். ஆடிட்டர் ஆபீஸ்காரர் அவளைப் பார்த்தால் ரேஸ் பேச்சை எடுப்பதில்லை. வெண்ணெய் சாப்பிடு, குங்குமப்பூ சாப்பிடு என்று மட்டும் சொல்கிறார். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். "எங்க வூட்ல எல்லாரும் கறுப்பு சார். செவப்பாப் பொறந்தா என் வூட்டுக்காரரு யாருன்னு கேப்பாரு" என்கிறாள் இவள். அவர் காதைப் பொத்திக்கொள்கிறார்.

என்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. லிஃப்டில் ஏறி இறங்கினால் கரு கலையாது என்று எனக்குத் தெரியும். திரையாலும் கலையாது என்றும் தெரியும். வாதாடி ஜெயித்தவன் நான்தான். ஆனால் அவள் ஏறி நின்று நான் கம்பிக் கதவை மூடியதும், என் கை கைப்பிடியை முன்போலத் திருப்புவதில்லை. நானறியாமல் மெதுவாகப் போகிறது. மாடித் தரையும் லிஃப்ட் தரையும் நூல் பிடித்தது போலச் சேரும்வரை கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. பொறுப்பு என்று வாயால் சொன்னது கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா நைனா, தேர் இழுக்கற மாதிரி இழுக்கற? நீயும் நம்பறியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் இறங்கி, வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். குனிய முடியாததால் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நான் இறங்கிப் போய் அதை நிமிர்த்தி, மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தேன். கீழே மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சரியான பதில் சொல்ல நினைத்து இரண்டு நாளாக வாய் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை, 12-7-1998.