கடைசியாகக் கையெழுத்திட்டவர்

மகேஸ் அன்ரி இறந்த செய்தி நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் எனக்கு வந்தது. தொலைபேசியில் அவருடைய மகள் தர்ஷினி. சிட்னியிலேயே வளர்ந்த பெண். தமிழில் பேசத் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள்.

"அக்கா, அம்மா..." என்றாள். பிறகு, "ஷீ இஸ் கோன், அக்கா. காலமை தேத்தண்ணி கேட்டவா. நான் போட்டுக் கொண்டு வாறதுக்குள்ள..."

அன்ரியின் இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எங்கே போவதென்று புரியாமல் அங்கேயே நின்றிருந்தேன்.

இதை வாசிக்கும் சிட்னித் தமிழர்களான உங்களில் பலர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தீர்கள். உறவினர் வரிசையில் தர்ஷினியும் அவள் கணவரும் மட்டும்தான். மற்ற இருக்கைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஏதோ ஒரு காலத்தில் அவர் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். ஒருவரையொருவர் தெரியாததால், "நீங்க முன்னறையா, பின்வீடா?" என்று கேட்டு அறிமுகமானோம். ஆனால் அந்த வீடு எப்படிப் போனது என்று யாரும் வாய்திறக்கவில்லை. விலையை ஏற்றத்தான் அவர் பிடிவாதம் பிடித்தார் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அன்றும் மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் என் கணவர் செந்திலும் திருச்சியிலிருந்து வந்த புதிதில் எங்களுக்கு வீடு தர யாரும் தயாராக இல்லை. இங்கே முன்பு எங்கே வாடகைக்கு இருந்தீர்கள் என்று கேட்டார்கள். இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறோம் என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை. வென்ட்வேர்த்வில் மளிகைக் கடையில் யாரோ சொல்லக் கேட்டு, சிட்னியின் மேற்கில் அதற்குப் பக்கத்துப் பகுதியான மெரிலன்ட்ஸில் அன்ரியின் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

"வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. வீட்டைப் பிறகு பாப்பம். சாப்பிட்டனீங்களோ?"

"ஆமா ஆன்ட்டி, சாப்பிட்டுட்டுதான் வர்றோம்" என்றார் செந்தில்.

"முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அன்று இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகுதான் வீட்டைப் பார்த்தோம். நாங்கள் ஆன்ட்டி என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த வீட்டில் இருந்த காலத்தில் அது அன்ரி ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது.

அது சிமென்ட் தகடு அடித்த பழைய வீடு. இங்கே ஃபைப்ரோ வீடு என்பார்கள். கோடையில் உள்ளே இருக்க முடியாது, குளிர்காலத்திலும் இருக்க முடியாது. பின்னால் கார் கொட்டகையை மாற்றி ஓர் அறையும் சிறிய சமையல் மேடையும் கட்டியிருந்தார்கள். அந்தப் பின்வீட்டில்தான் என் மூத்த மகள் நடை பழகினாள்.

அன்ரியும் அவர் கணவர் செல்வராசாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து, ரொட்டித் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்து அந்த வீட்டை வாங்கினார்கள். வாங்கிய சிறிது காலத்தில் கணவர் இறந்துபோனார். கைக்குழந்தையோடு வீட்டுக் கடனை அடைக்கத்தான் அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கினார். கடன் முடிந்த பிறகும் வாடகையை ஏற்றவில்லை. நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"எனக்கு வாற காசு காணும் பிள்ளை. இந்த வீடு என்னைக் காப்பாத்தினது. இதை வைச்சு நான் சனத்தைப் பிழியேலாது."

அந்தக் காலத்தில் மெரிலன்ட்ஸ் என்று சொன்னாலே நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். "அங்கேயா இருக்கீங்க? ராத்திரி வெளியே போகாதீங்க" என்று எனக்கும் புத்தி சொன்னார்கள். அன்ரி அதைக் கேட்டுச் சிரிப்பார். "ஒருத்தருக்கும் வேண்டாத இடம் எண்டபடியாத்தான் எங்களுக்குக் கிடைச்சது." பிறகு ரயில் நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டலாம் என்று அனுமதி வந்தது. பழைய இறைச்சிக் கடை காபிக் கடையானது. முகம் சுளித்த அதே ஆட்கள் கல்யாண வீடுகளில் அவரை ஓரமாக அழைத்துப்போய், "அன்ரி, விக்கிற யோசனை இருக்கோ?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் கோட்டு போட்ட இளம் ஏஜென்ட் ஒருவர் பூங்கொத்தோடு வந்தார். அன்ரியின் வரிசையில் ஐந்து வீடுகள். ஐந்தையும் சேர்த்து வாங்கி அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் தயார். ஆனால் ஐந்து பேரும் கையெழுத்திட்டால்தான் வாங்கும். ஒருவர் மறுத்தாலும் யாருக்கும் இல்லை. மற்ற நால்வரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். அன்ரியின் வீடு நடுவில் இருந்தது.

அப்போது பின்வீட்டில் கஜன், சுகந்தி என்ற இளம் தம்பதியர் கைக்குழந்தையோடு இருந்தார்கள். அகதிகளாகப் படகில் வந்தவர்கள். நிரந்தர விசா இல்லை. கஜனுக்குப் பக்கத்துத் தெருவில் டயர் கடையில் வேலை. அவர்களுக்கு வேறு யாரும் வீடு தரமாட்டார்கள் என்பது அன்ரிக்குத் தெரியும்.

அந்த வரிசையின் மூலை வீட்டுச் சொந்தக்காரர் நம்மவர், ஒரு டாக்டர். அங்கே அவர் ஒருநாளும் வசித்ததில்லை. முதலீடாக வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அவர் அன்ரியைக் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"அன்ரி, நீங்கள் ஒராள் விக்கமாட்டன் எண்டு நிக்கிறதாலை நாலு குடும்பம் காத்துக்கொண்டு இருக்குது. இது நியாயமோ?"

"நான் விக்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே தம்பி. என்ரை வீட்டிலை இருக்கிற பிள்ளையள் எங்கை போறது எண்டு கேட்டனான். அதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை."

"அவை வாடகைக்கு இருக்கிற ஆக்கள்தானே!"

"ஓம். உங்கடை வீட்டிலையும் வாடகைக்கு ஆக்கள் இருக்கினம். அவையின்ரை பேர் உங்களுக்குத் தெரியுமோ?"

டாக்டர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அதன் பிறகு கோயிலில் அன்ரியோடு பேசுபவர்கள் குறைந்தார்கள். அது அவருக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆளும் இல்லை அவர். "களைப்பா இருக்கு பிள்ளை" என்று மட்டும் சொல்வார். அந்த மாதங்களில் எப்போது போனாலும் அந்த ஒரு வார்த்தைதான்.

நாங்கள் அதற்குள் சொந்தமாக வீடு வாங்கிப் போய்விட்டிருந்தோம். ஆனாலும் சனிக்கிழமைகளில் நான் போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு யூசுப் வந்தார். லெபனானிலிருந்து வந்தவர், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் பாதி நாள் மருத்துவமனையில் கழிந்துகொண்டிருந்தது. மகன் வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீடு விற்றால்தான் முடியும். தன் மரத்து எலுமிச்சம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, "நான் எதுவும் கேட்க வரவில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். அன்ரி எழுந்து அவர் முன்னால் தேநீரை நகர்த்தி வைத்தார்.

அந்த நேரத்தில்தான் மறுபக்கத்து வீட்டு லான் வந்தார். வியட்நாமிலிருந்து வந்த விதவை. ஆங்கிலம் அதிகம் வராது. பேச்சு வீட்டு விலையைப் பற்றித் திரும்பியது. யூசுப் தனக்குச் சொல்லப்பட்ட விலையைச் சொன்னார். லான் தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். ஒரே அளவு நிலம், ஒரே தெரு. லானுக்குச் சொல்லியிருந்தது எவ்வளவோ குறைவு.

திங்கட்கிழமை அன்ரி லானைக் கூட்டிக்கொண்டு ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனார். கார் ஓட்டியது நான். ஏஜென்ட் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு வேறு என்று நெடுநேரம் விளக்கினார். அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டு, "சேம் லேண்ட். சேம் ரோட். வை நாட் சேம் பிரைஸ்?" என்றார். ஏஜென்ட் மறுபடி விளக்கினார். அன்ரி மறுபடி அதையே கேட்டார். காபி ஆறிப்போனது. லான் தலைகுனிந்து கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அன்ரி என்னிடம் தமிழில் சொன்னார். "பிள்ளை, இவருக்கு வடிவா விளங்கப்படுத்து. லானுக்கும் எங்களுக்கும் ஒரே விலை. கஜனாக்கள் வீடு இடிக்கிற வரைக்கும் இருக்கலாம். இது ரெண்டுக்கும் ஓம் எண்டால் நான் கையெழுத்து வைக்கிறன். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

இரண்டுக்கும் சம்மதித்தார்கள். அன்ரி தனக்கென்று ஒரு காசுகூடக் கூட்டிக் கேட்கவில்லை. நான் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

கையெழுத்திட்ட செய்தி பரவியதும் டாக்டர், "அன்ரி விலைக்காக நல்லா விளையாடிட்டா" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது அன்ரியின் காதுக்கும் வந்தது. அவர் கோபப்படவில்லை. "விளையாட்டோ?" என்று கேட்டுவிட்டு, கழுவிய பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்தப் பணத்தில், தொலைவில் இருந்த குவேக்கர்ஸ் ஹில்லில், தர்ஷினி வீட்டுக்கு அருகில் ஒரு டவுன்ஹவுஸ், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று, வாங்கினார். ஏ.சி., புதுக் குசினி எல்லாம் இருந்தது. கஜன் குடும்பத்தையும் தன்னோடு வரச் சொன்னார். "அம்மா, திஸ் இஸ் யுவர் டைம் டு ரெஸ்ட்" என்று தர்ஷினி வாதாடினாள். அதற்கு அவசியம் வரவில்லை. கஜனுக்கு டயர் கடை வேலை முக்கியம், குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து விடியற்காலையில் வந்து சேர முடியாது என்று அவர்களே மறுத்துவிட்டார்கள். விற்ற பிறகு பின்வீட்டில் சில மாதம்தான் இருந்தார்கள். இடிக்கப்போகிறோம் என்று நிறுவனத்தார் திடீரென்று சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். எங்கும் இடம் கிடைக்காமல், யாரோ ஒரு நண்பரை நம்பி மெல்பர்னுக்குப் போனார்கள். கஜன் இப்போது அங்கே ட்ருகனினா என்ற பகுதியில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார்.

வீடுகளை இடித்தார்கள். கம்பி வேலி போட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஒருமுறை அன்ரியை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்தத் தெரு வழியாகப் போகச் சொன்னார். நான் தயங்கினேன். "போ பிள்ளை, நான் அழமாட்டன்" என்றார். ஐந்து வீடுகளும் இருந்த இடத்தில் இடுப்பளவு புல். வேலியில் தொங்கிய கட்டடப் படம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. நிறுவனம் நிலத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டதாகவும், அவர் விலை ஏறட்டும் என்று காத்திருப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தோம்.

அன்ரி கார்க் கண்ணாடியை இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குத்தானோ இவ்வளவு அவசரப்படுத்தினவை?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அந்த வெளுத்த படத்தைப் பார்த்தேன்.

"கஜன்ரை பிள்ளை இதிலை ஓடி விளையாடியிருக்கும். நானும் இதிலையே செத்திருப்பன்."

"யூசுப்போட மனைவி கடைசிக் காலத்துல மகனோட இருந்தாங்களே அன்ரி. அது உங்களாலதானே?"

"ஓம். அதுவும் உண்மைதான்" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டார். "ஒண்டு சரி வரேக்கை இன்னொண்டு பிழைச்சுப் போகுது. நான் என்ன செய்ய? போவம் பிள்ளை, களைப்பா இருக்கு."

இறுதிச் சடங்கன்று கஜன் மெல்பர்னிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்து சவப்பெட்டியைத் தூக்கினார். லான் வந்திருந்தார். யூசுப்பை மகன் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். கஜனின் மகளுக்கு இப்போது பள்ளி வயது. யார் இறந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நீ பிறந்த வீட்டுக்காரி" என்று சுகந்தி சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அது புரிந்திருக்காது.

அன்ரியைக் கடைசியாக நான் பார்த்தது கடும் வெயில் அடித்த ஒரு மத்தியானம். அவருடைய வீட்டுக்கு அடுத்த டவுன்ஹவுஸ் வாடகைக்கு வந்திருந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள், கதவு திறக்கும் நேரத்துக்காகக் கார் நிறுத்துமிடத்தில் நிழலில்லாமல் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் இளையவர்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றாள். அன்ரி சோபாவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து நடக்கவே மூச்சு வாங்கும் நிலை அவருக்கு.

"பிள்ளை, அந்தச் சாப்பாட்டு மேசைக் கதிரையள் எல்லாத்தையும் கொண்டுபோய் வெளியிலை போடு."

நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அந்தப் பெண் முதலில் தயங்கி, பிறகு உட்கார்ந்தாள். சாவியோடு வந்த வாடகை ஏஜென்ட், இது பொது இடம், இங்கே நாற்காலி போடக்கூடாது என்று என்னிடம் சொன்னார். அதற்குள் அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு சீராகும் வரை ஏஜென்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷீ இஸ் சிட்டிங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏஜென்ட் கதவைத் திறக்கப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அன்ரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மத்தியானம்தான். தன்னால் மாற்ற முடியாதென்று அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றின் முன்னால், கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிற்பு.