தெற்குப் பக்கத்து வெளிச்சம்

சோமனூர் விசைத்தறிக் கூடம் ஒன்றில் இளவேனிலுக்குத் துணி சோதிக்கும் வேலை. அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழையும் எண்ணெய்க் கறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் அந்த வெள்ளை வெளிச்சம் இமைக்குள்ளேயே நிற்கும்.

அமாவாசையை ஒட்டி காங்கேயத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே அப்பா விட்டுப்போன கொறங்காடு இருந்தது. கிளுவை வேலிக்குள் மாடு மேயும் வெறும் புல்வெளி. சுற்றுவட்டாரத்தில் ஒரு விளக்கு கிடையாது. கணவர் இறந்த வருஷம், யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் அங்கே போய் உட்கார்ந்தவள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். அன்று பிடித்த பித்து. பைனாகுலர் வாங்கினாள், செல்போனில் தேடித்தேடிப் படித்தாள். வைகாசியில் பொழுது விழுந்ததும் தெற்கே பனைகளுக்கு மேல் நாலு நட்சத்திரமாகத் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம், சற்று மேலே, பஞ்சு உருண்டைபோல ஒரு நட்சத்திரக் கூட்டம். சோமனூரில் இதில் ஒன்றுகூடத் தெரியாது. அவிநாசி ரோட்டு வெளிச்சம் வானத்துக்கே சாம்பல் பூசிவிட்டிருந்தது.

தம்பி மதன்குமார்தான் அவளுக்குக் கயிற்றுக் கட்டில் தூக்கிவந்து போடுவான். சில நாள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, "எங்கீங்க்கா அந்தப் பஞ்சு உருண்டை?" என்று பைனாகுலரை வாங்கிப் பார்ப்பான்.

மாசியில் அவன் பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்தான்.

"எனக்குப் பங்கெல்லாம் வேண்டாஞ் சாமி, நீயே எழுதிக்க. தெக்குப் பக்கம் மட்டும் எந்தக் காலத்துலயும் லைட்டுப் போட்றாத."

"அதச் சொல்லோணுங்களாக்கா? நீங்களாச்சு, அந்த வானமாச்சு."

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வைகாசியில் அவனே போன் பண்ணினான். "சின்ன விசேசமுங்க்கா. நீங்க வராம ஆரம்பிக்க மாட்டேன்."

இருட்டும் நேரத்தில் போய் இறங்கினாள். கொறங்காட்டின் தெற்குப் பாதியில் புல்லைக் காணோம். பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் வலை, உயர உயரமாகக் கம்பங்கள். இரவில் கிரிக்கெட் ஆடும் டர்ஃப். கூட்டத்துக்கு நடுவே மதன்குமார் அவள் கையைப் பிடித்து ஸ்விட்ச் பலகைக்கு அழைத்துப் போனான்.

"மூத்தவீங்க நீங்கதான் போடோணும்."

பக்கத்தில் நின்ற, டர்ஃபில் அவனோடு பணம் போட்ட கூட்டாளி நஞ்சுண்டன் சிரித்த முகமாகச் சொன்னார்: "தை மாசமே பேசி முடிச்சுட்டமுங்க அம்மணி. உங்க கையெழுத்துக்குத்தான் காத்துட்டு இருந்தமுங்க."

இளவேனில் தம்பியைப் பார்த்தாள். அவன் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தைலயேவா?" என்றாள்.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க..."

"நீயே போட்டுக்க சாமி."

அவள் வேலியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. அவள் நிழல் அவளுக்கு முன்னால் ரோடு வரைக்கும் நீண்டு விழுந்தது. கைதட்டல் கேட்டது. தெற்கே திரும்பிப் பார்த்தாள், பனைகள்கூடத் தெரியவில்லை.

விளக்குகளுக்கு மூடியாவது போட்டு வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்பச் சொல்லி ஆளனுப்பினாள். "ஆகட்டும்" என்று பதில் வந்ததே தவிர மூடி வரவில்லை. சொந்தக்காரர்கள் அவளைத்தான் கடிந்துகொண்டார்கள். "லைட்டுப் போட்டதுக்கா ஒடம்பெறப்பு கூடப் பேசாம இருக்கறே?" காட்டை ஏமாற்றி வாங்கினான் என்றால் நாலு பேர் கூடி நியாயம் கேட்டிருப்பார்கள். காட்டை அவளேதான் கொடுத்தாள். பறிபோனதை எந்தக் கூட்டத்தில் வைத்துக் காட்டுவது?

தாராபுரம் தாண்டி ஒரு குளத்தங்கரையை இப்போது கண்டுபிடித்திருக்கிறாள். தெற்கு அங்கே இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த மேசையில் துணி சோதிக்கும் மௌனிகா, "அமாவாசையானா எங்கீங்க்கா போயிர்றீங்க? என்னையும் கூட்டிட்டுப் போலாமில்லீங்க?" என்று கேட்டாள். முன்பு அவளையும் கொறங்காட்டுக்கு அழைத்துப் போய் சிலுவையைக் காட்டியவள்தான் இளவேனில்.

"கோயிலுக்குக் கண்ணு," என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு வேண்டுதல். தனியாத்தான் போகோணும்."