விலக்கு வேண்டாம் என்ற வெர்னன்

வெர்னன் டாக்கெட்டை எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் பிடிக்காது. எனக்கு அறவே பிடிக்காது. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர் இது. நிலக்கரித் தூசியில் கெட்ட நுரையீரல்களுக்குப் பஞ்சமில்லை. சுவாச சிகிச்சைப் பிரிவில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். அதாவது, நான் பார்த்தேன். அவன் பெப்பரோனி ரோல் என்ற இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே உபதேசம் செய்வான்.

"நாங்கல்லாம் பெரிய பரீட்சை எழுதி வந்தவங்கம்மா. உன்னை மாதிரியா?" என்று எங்களோடு வேலை பார்த்த பிராண்டி ஸ்கீன்ஸைச் சீண்டுவான். பிரிவின் தலைமைப் பதவிக்கு அவள் பெயர் அடிபட்டதிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல்.

உண்மையில் அவன் ஒரு பரீட்சையும் எழுதியவனில்லை. லைசென்ஸ் சட்டம் முதன்முதலாக வந்தபோது, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். அப்படி வாங்கியவன். பொய்யைச் சொல்லிச் சொல்லி அதைத் தானே நம்பிவிட்டான். அந்த மண்டைக்கு அவ்வளவுதான் முடியும்.

அந்தச் சட்டத்தைத்தான் திருத்தக் கிளம்பினார்கள். முன்பெல்லாம் வென்டிலேட்டரில் ஓர் அளவை மாற்றக்கூட டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். இனி வரம்புக்குள் நாங்களே மாற்றலாம். ஆனால் எங்கள் தொழிலுக்கு உள்ள இரண்டு தேர்வுகளில் மேல்தேர்வில் தேறாதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி இருந்தது. கீழ்த்தேர்வோடு நின்றிருந்த பிராண்டியை அந்த வரி காப்பாற்றும். வெர்னனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கோட்டு மாட்டிக்கொண்டு மாநிலத் தலைநகருக்குப் போனான். சுவாச தெரபிஸ்டுகள் சங்கத்தின் சார்பில் நானும் கூடப் போயிருந்தேன்.

"விலக்கு எதுக்குங்க? இது மூச்சு விஷயம்! பரீட்சையில தேறினவன் மெஷினைத் தொடட்டும். மத்தவன் எவனா இருந்தாலும் வெளிய போகட்டும்!" என்று சட்டமன்றக் குழுவின் முன்னால் முழங்கினான். கைதட்டினார்கள். வரியை நீக்கினார்கள்.

திரும்பும்போது காரில் கேட்டேன்: "வெர்னன், நீ எந்த வருஷம் பரீட்சை எழுதின?"

ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

பிராண்டி படித்தாள், தேறினாள். வெர்னனும் எழுதினான், ஊத்திக்கொண்டான். "ஆளைப் பாக்காம கம்ப்யூட்டரைப் பாத்து எப்படிய்யா பதில் சொல்றது?" என்று புலம்பினான். லைசென்ஸ் போனது. நிர்வாகம் இரக்கப்பட்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளும் வேலையில் போட்டது. எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை.

போன வாரம் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வென்டிலேட்டர் அலறியது. சிலிண்டரோடு உள்ளே வந்த வெர்னன் பழக்கத்தில் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டு, "பிராண்டி!" என்று கத்தினான். அவளும் நானும் ஓடினோம். அவள் குழாயைச் சரிசெய்து அளவை மாற்றினாள். அந்த மனிதரின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

அவருடைய மனைவி ஆத்திரத்தோடு வெர்னனைக் காட்டினாள். "என் புருஷன் மூச்சுக்குத் தவிக்கிறாரு, இந்த ஆளு மரமாட்டம் நிக்கிறாரு! யாரு இவரு? டாக்டரா, தெரபிஸ்டா?"

பிராண்டி வெர்னன் பக்கம் திரும்பினாள். அவனே சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். லைசென்ஸ் இல்லாதவன் தன்னைத் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதும் அதே சட்டத்தில் குற்றம்.

"சிலிண்டர் கொண்டு வர்றவன்மா," என்றான் வெர்னன்.