பெண் பார்க்கப் போன வழியில் நாகதாளி

கடந்த பங்குனியில் திருகோணமலைக்குப் பெண் பார்க்கப் போனேன். கள்ளி பார்த்தது வழியில். பெண் உப்புவெளியில் ஆசிரியை, பெயர் வாசுகி. படத்தைக் கண்ட நாளே எனக்குப் பிடித்துவிட்டது. "இதையும் குழப்பினியெண்டால் இனி ஆரோடையும் கதைக்கமாட்டன்" என்று அம்மா வவுனியாவில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளி ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய். பாதி வழியில் பற்றைக்குள் கள்ளியைக் கண்டேன். எனக்குக் கள்ளிப் பைத்தியம். அம்மா தடுக்குமுன் இறங்கிவிட்டேன்.

இரண்டு வகை நின்றன. சதுரக்கள்ளிக்குத் தண்டில் விளிம்புகள், விளிம்பில் சோடி சோடியாக முள், கீறினால் பால். பால் வடியும் இந்தக் கள்ளி கக்டஸ் குடும்பமே அல்ல. (பால் கண்ணில் படக்கூடாது, கவனம்.) நாகதாளிதான் அசல் கக்டஸ். படமெடுத்த பாம்புபோலத் தட்டைத் தண்டு, மஞ்சள் பூ. முட்கள் சின்னஞ்சிறு பஞ்சுப் புள்ளிகளிலிருந்து கிளம்பும். அந்தப் புள்ளியில், பழத்தில்கூட, கண்ணுக்கு எளிதில் தெரியாத மயிர்முட்களும் கற்றையாக இருக்கும்.

இதை ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். ஊருக்குத்தானே உபதேசம்! கருஞ்சிவப்புப் பழத்தைப் பறித்து அப்படியே கடித்தேன்.

"என்னடா வாய் இது? கொலை செய்தவன் மாதிரி!" என்று அம்மா தலையில் கைவைத்தார்.

உப்புவெளி வீட்டில் வாசுகியின் அப்பா கதிரை போட்டார். "தம்பி வெத்திலை போடுவீங்களோ?" இல்லையென்று தலையாட்டினேன். "பயணம் சுகமோ?" அதற்கும் தலைதான். உதடு வீங்கி நாக்கும் புரளவில்லை. அவர் அம்மாவிடம் குனிந்து, "பெடியனுக்குக் கதைக்க ஏலாதோ? தரகர் சொல்லேல்லையே" என்றார். எல்லாம் கையைவிட்டுப் போகிறதே என்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

தேநீரோடு வந்த வாசுகி என் உதட்டைப் பார்த்தாள்.

"நாகதாளிப் பழமோ?"

"ம்."

"தோல் சீவாமலோ?"

"ம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். "சின்னனில நானும் இப்பிடித்தான் திண்டனான்" என்று புருவம் எடுக்கும் சாமணத்தோடு வந்து என்னை ஜன்னலோரம் இருத்தினாள். "வாயைத் திறங்கோ. அசையாதேங்கோ." அவள் முள் பிடுங்கி முடிக்கும்வரை அவள் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இப்ப கதைக்க ஏலுமோ?"

"ஓம்."

"அப்ப, என்னைப் பிடிச்சிருக்கோ?"

"ஓம்!" கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். ஆவணியில் கலியாணம்.

போகிறவர்கள் பழத்தை மணலில் உருட்டித் தேய்த்து, தோல் சீவி உண்ணுங்கள். சாமணமும் கொண்டுபோங்கள். உதட்டில் ஒரு முள் தங்கிவிட்டதென்று சொல்லி அடுத்த கிழமையும் நான் உப்புவெளிக்குப் போனேன். வவுனியாவில் சாமணம் இல்லையா என்று அம்மா கேட்கவில்லை.