கடிகாரத்தைக் கழற்றுகிறவர்

கதவைத் தட்டிவிட்டு, காதை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார் அத்தான். திறந்து கிடக்கும் சொந்த வீட்டுக் கதவானாலும் அப்படித்தான். "உங்க வீடுதாங்க, உள்ளே வாங்க!" என்று அக்கா கத்த வேண்டும். "கதவு மூச்சு விடும் மாப்ளே. நின்னு கேட்டாத்தான் தெரியும்" என்பார் என்னிடம்.

அவசர அழைப்புக்கு ஓடும் போலீஸ் வண்டியில் ஏட்டு அவர். கதவை உடைக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார். அக்கா வாங்கித் தந்தது, கீறல் விழக்கூடாது. அவர் கடிகாரத்தைத் தொட்டால் கதவுக்குச் சங்குதான் என்று ஸ்டேஷனில் கேலி.

போன வருடம் ஒரு வீட்டுக்குள் "ஐயோ, கொல்றானே!" என்று அலறல். தட்டினார், பதில் இல்லை, உடைத்தார். உள்ளே ஒரு நாடக நடிகர் சாகிற காட்சிக்குத் தன்னந்தனியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். திறக்க வந்தவர் மேலேயே கதவு விழுந்து தோள் எலும்பு முறிந்தது. வழக்குப் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானுக்குத் தூக்கம் போனது. கண்ணயர்ந்தால் கனவில் வரிசையாகக் கதவுகள் வருமாம். தட்டிக்கொண்டே போவாராம், ஒன்றும் திறக்காதாம்.

"உடைச்சா ஏன் உடைச்சேங்கிறாங்க. விட்டுட்டுப் போனா ஏன் விட்டேங்கிறாங்க. நான் என்னதான் பண்றது, சொல்லு?"

நல்லெண்ணத்தில் செய்தது என்று நீதிபதி நம்பினால் சட்டம் காப்பாற்றும். அவசரக்குடுக்கை என்று நினைத்தால் வேலை போய்விடும். "தீர்ப்பு வர்ற வரைக்கும் எந்தக் கதவு மேலயும் கை வைக்காதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார் வக்கீல்.

தீர்ப்புக்கு முதல்நாள், ஞாயிறு மதியம். அத்தான் வீட்டு மாடிப்படியில் வெயில் சோம்பலாகப் படுத்திருந்தது. மேலே தனியாக இருக்கும் பாட்டு டீச்சர் வீட்டுக் கதவடியிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லப் படியிறங்கி வந்தது. அத்தான் தட்டினார். காதை வைத்தார். கண்ணை மூடினார்.

"குழாயை மூட மறந்துட்டு வெளியே போயிருப்பாங்க" என்றேன்.

"உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு மாப்ளே."

ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். வண்டி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது, வர நேரமாகுமாம்.

அக்கா பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு நாள்தாங்க. ஒரே ஒரு நாள்!"

"முனகுற மாதிரி இருக்கு" என்றார். "இல்லாமலும் இருக்கலாம்."

கண்ணைத் திறக்காமலே கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினார். அக்கா சட்டையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.