தார்ப்பாய்க்கு அடியில் பெய்த மழை

“காத்தப் பத்திப் படிச்சவ, காத்துக்கே ஆர்டர் போடுவியோ?” என்று பெரியப்பா கேட்டார். பக்கத்தில் நின்ற அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுரண்டைக்குப் பக்கம் எங்கள் வயல். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இயற்பியலில் பட்டமும் வாங்கியிருந்தேன். போன வருஷம் ஆனி மாதம், அடுத்த நடவுக்கான விதை வெங்காயத்தைப் பறித்துப் பச்சைத் தாளோடு களத்தில் குவித்திருந்தோம். அது கெட்டால் நடவு கிடையாது.

மேற்கே குற்றாலத்து மலையில் மேகம் கறுத்துக் கிடந்தது. “ஏலே, சாரல் வருது. மூடிக் கட்டுலே,” என்று பெரியப்பா தன் தம்பியை, என் அப்பாவை, விரட்டினார்.

நான் தடுத்தேன். கேரளத்து ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தப்பி வரும் மிச்சம் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கும். நம் பக்கம் இறங்க இறங்கக் காற்று சூடேறி வறண்டுவிடும். இந்தக் காற்றிலேயே வெங்காயம் காயும், மூடினால் புழுங்கும், மேற்குப் பக்கத்தையாவது திறந்து வையுங்கள் என்றேன்.

அதற்குத்தான் அந்தக் கேள்வி. நாலு பக்கமும் கல் வைத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

மறுநாள் காலை ஓரத்தைத் தூக்கிக் கைவிட்டுப் பார்த்தேன். பகல் வெயிலில் வெங்காயம் விட்ட ஆவி, இரவில் குளிர்ந்த பாயின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. விரல் பட்டதும் உதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். இரண்டாம் முறை சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு பஸ் ஏறி ஐந்தருவியில் குளித்தும் வந்தேன்.

எட்டாம் நாள் பிரித்தார்கள். நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே பூஞ்சணம் பூத்திருந்தது, கீழே கூழாகியிருந்தது.

“பாயில எங்கனயோ ஓட்டை. சாரல் எறங்கிட்டு,” என்றார் பெரியப்பா.

“எந்தச் சாரல்?” களத்தைக் காலால் எத்தினேன். புழுதி பறந்து அவர் வேட்டியில் படிந்தது. “வெளிய ஒரு சொட்டு விழல பெரியப்பா. பெஞ்சதெல்லாம் உள்ளதான். நீங்க கட்டுன மழை.”

அப்பா என்னைப் பார்த்தார். “ஏட்டி, ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

“மறுநாளே தெரியும்.”

“பெறவு ஏன் சொல்லல?”

“முன்னாலயே சொன்னேன். நீங்க சிரிச்சிய.”

அவர் குனிந்து, ஏதாவது தேறுமா என்று அழுகலைக் கையால் பிசைந்து பார்த்தார். ஒரு கூடைகூடத் தேறவில்லை. ஐப்பசியில் எங்கள் வயல் தரிசாகக் கிடக்க, அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு வெங்காயம் நட்டார். நான் சொன்னது பலித்ததில் அப்போதும் எனக்குப் பெருமைதான். அவர் சாப்பிட உட்காரும்போது மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மாசியில், ஆலங்குளத்துப் பக்கம் வாங்கிய விதையை நட்டோம். விளைந்தது இப்போது களத்தில் குவிந்திருக்கிறது. பெரியப்பாவைக் கேட்டால் இன்னமும் ஓட்டைதான் காரணம். அதனால் புதுத் தார்ப்பாய் வாங்கி வந்தார். நேற்று மலை கறுத்ததும் அண்ணனும் தம்பியுமாக மூடிக் கட்டினார்கள்.

இன்று காலை அவர்கள் டீக்கடைக்குப் போன நேரத்தில் கல்லையெல்லாம் உருட்டித் தள்ளினேன். மடித்த தார்ப்பாய்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் வரப்பில் வருவது தெரிகிறது. நான் எழுந்திருக்கப் போவதில்லை.